தப்பா பாய் சொல்ல வந்த விஷயம்

மந்தைவெளியிலிருந்து அடையாறு வரைக்கும் தேடினாலும் தப்பா பாய் மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளி கிடைக்க மாட்டார். மூணாவது மாடிக்கு வெளியே, கயிறு கட்டாமல், துருப்பிடித்த பைப் மேல் நின்று வேலை செய்வார். அதற்கெல்லாம் பயமில்லை. வாயைத் திறந்து ஒரு விஷயம் சொல்லணும் என்றால்தான் பயம்.

நானும் அவரும் பிளம்பர். பன்னிரண்டு வருஷம் ஒரே வண்டி, ஒரே பை.

ஒரு பள்ளிவாசலில், தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவுற குழாய் எல்லாம் ஒழுகியது. மாற்றப் போனோம். ஆத்தங்கரையில் நின்று கழுவினாலும் தண்ணியை வீணாக்கக் கூடாது, அதுதான் எங்க மார்க்கம் என்றார் அங்கே இருந்த பெரியவர். நான் சரி என்றேன். இவர் ஸ்பேனரோடு அப்படியே நின்றுவிட்டார். குடத்தோடு தண்ணி லாரிக்குப் பின்னால் ஓடி வளர்ந்த ஆள். அப்புறம் ரெண்டு வருஷம் அங்கே போய்க் கேட்டார், படித்தார். ஒரு நாள் தொப்பியோடு வேலைக்கு வந்தார்.

அது பிரச்சினை இல்லை. தனக்குத் தெரிந்த நல்லது நாலு பேருக்குத் தெரியணும் என்று ஆசை. யார் மனசும் நோகக் கூடாது, ஆள் பிடிக்கிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று பயம். "ஒரு விஷயம், தப்பா நினைக்காதீங்க" என்று ஆரம்பிப்பார். அதோடு நின்றுவிடும். அதுவே பேராகிப் போச்சு.

டீக்கடையில் ஒரு நாள்.

"மாஸ்டர், ஒரு விஷயம். தப்பா நினைக்காதீங்க."

மாஸ்டர் முகம் வெளுத்தது. "பால்ல தண்ணின்னு எவனாவது சொன்னானா?"

"அது இல்ல மாஸ்டர்."

"நேத்து வடையா?"

"ஐயோ, அதுவும் இல்ல."

"அப்புறம் இன்னா நைனா, சும்மா பீதியக் கெளப்புறே?"

டீ ஆறிப்போச்சு. விஷயம் வரவில்லை.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாமி வீட்டு சிங்க் அடைத்துக்கொண்டது. இவர் சமையல்கட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே போகலாமா கூடாதா என்று பயம்.

"மாமி, நான் இப்போ... தப்பா நினைக்காதீங்க..."

"மாறிட்டே. வாட்ச்மேன் சொன்னான். அதுக்கென்ன இப்போ? காலைலேர்ந்து சாதம் வடிக்க முடியாம நிக்கறேன். நீ யாரக் கும்பிட்டா இந்த சிங்க் தொறக்கும், அதச் சொல்லு."

"எங்க மார்க்கத்துல, நாமதான் மாமி தொறக்கணும்" என்றார் பாய், முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு.

மத்தியானம் மாமியே கூடத்தில் மேற்குப் பக்கம் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். பாய் தொழுது முடித்ததும், "என்னடா வேண்டிண்டே?" என்றார்.

"எல்லாரும் நல்லா இருக்கணும்னு மாமி. உங்க முழங்காலுக்கும் சேர்த்துத்தான்."

அதிலிருந்து மாமி முழங்கால் வலித்தால் எனக்குப் போன் போட்டு அவரைக் கேட்பார்.

ஆனால் அவர் நிஜமாகச் சொல்ல வேண்டிய ஆள் ஒருத்தர்தான். அவருடைய அக்கா. அம்மா இல்லாத பிள்ளையை நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து வளர்த்தவர். ஆத்தோரம் ரெண்டு பேருக்கும் எதிரெதிர் வாசல். தொப்பியைப் பார்த்த அன்றைக்கு, "போன எடத்துலயே சோறும் துன்னுக்கோ" என்று கதவைச் சாத்தினார். நாலு மாசம் பேச்சில்லை. பாய் இளைத்து, பெல்ட்டில் ரெண்டு ஓட்டை கூடிப்போச்சு.

நந்தனத்தில் ஒரு வீட்டுத் தண்ணித்தொட்டி சம்ப்புக்குள் இறங்கி வேலை செய்யும்போது, என்னை அக்கா மாதிரி நிற்கச் சொன்னார். பேசிப் பழகணுமாம். நான் இடுப்பில் கை வைத்து, "இன்னாடா?" என்றேன். மனுஷன் நிஜமாகவே பயந்து, சொல்ல வந்ததை மறந்து, ஏணியில் ஏறி வெளியே போய்விட்டார்.

ஆடி வந்தது. அவங்க தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊத்துற ஞாயித்துக்கிழமை. வருஷா வருஷம் தண்ணிக்கு பைப் இழுக்கிறது இவர்தான். இந்த வருஷம் வருவாரா என்று தெருவே பார்த்தது. விடிகாலையில் வந்து இழுத்தார்.

"இன்னா பாய், அம்மன் கோயிலுக்கு உன் கையால தண்ணி வருமா?" என்றான் ஒருத்தன்.

"தண்ணி எல்லாருக்கும்தான் மச்சி."

கூழ் ஊத்த ஆரம்பித்தார்கள். கரண்டி அக்கா கையில். மூணு சொம்பு குடிக்கிற ஆள், இப்போ ஓரமாக ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றார். படைத்ததை அவர் சாப்பிட மாட்டார். யாராவது ஒரு வார்த்தை விட்டால் போச்சு.

பாய் ரெண்டு எட்டு வைத்தார். "அக்கா, ஒரு விஷயம். தப்பா..."

அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு விறுவிறு என்று வீட்டுக்குள் போனார். முடிஞ்சுது என்று நினைத்தேன். பாய் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்கா ஒரு தூக்குச் சட்டியோடு திரும்பி வந்தார்.

"படைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சது. பிரியாணிக் கடை பாயாண்ட கேட்டுக்கினேன். நீ துன்னலாமாம். துன்னு."

"அம்மனுக்கு முன்னாடியேவாக்கா?" என்றான் அந்த ஒருத்தன்.

"அம்மன் என்னாண்ட பேசிக்கும். நீ வாயப் பொத்து."

பாய் அங்கேயே குந்தி, "பிஸ்மில்லா" என்றார். சத்தமாக. தெரு முழுக்கக் கேட்டது.

"இப்ப இன்னா சொன்னே?" என்றார் அக்கா.

"ஆண்டவன் பேரச் சொல்லி ஆரம்பிக்கிறேன்னு அர்த்தம்க்கா."

"அவ்ளோதானா? இதச் சொல்றதுக்கா நாலு மாசமா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு கீறே?"

மூணு சொம்பு குடித்தார். எண்ணினேன்.

அப்புறம் ஆத்தோரத்து வீடுகளையெல்லாம் சர்க்கார் காலி பண்ணச் சொல்லிவிட்டது. அக்காவுக்கு ஊருக்கு வெளியே, ஏழாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். பாயும் கூடவே போய்விட்டார். இங்கே ரெண்டு பேர் வேலையை நான் ஒருத்தனே செய்கிறேன். வேற ஆள் வைத்துக்கொள்ளலாம்தான்.

வைத்துக்கொள்ளவில்லை.