வானதிக்கு எந்த அளவுப் பலகை?

மயிலாடுதுறை,
ஐப்பசி, சனிக்கிழமை.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அரவிந்தன் அவர்களுக்கு, மாமனார் வைத்தியலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும், என் இடது முழங்கால் நீங்கலாக, சௌக்கியம். அங்கே கனடாவில் நீங்களும் வானதியும் அதிகக் குளிரில்லாமல் இருக்க மாயூரநாதரை வேண்டிக்கொண்டேன். அந்த ஊர்க் குளிர் அவர் கையில் இருக்கிறதா என்று தெரியாது, இருந்தாலும் கேட்டு வைத்திருக்கிறேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், வானதி பக்கத்தில் இருப்பாள். விஷயமோ அவளைப் பற்றியது. ஆகவேதான் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

போன வாரம் நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தோம். பனிமலையில் என் மகள் இரண்டு காலையும் ஒரே சறுக்குப் பலகையில் கட்டிக்கொண்டு நிற்கிறாள். கொஞ்ச தூரம் சறுக்குகிறாள், பலகையின் மூக்கு பனிக்குள் போகிறது, கூடவே இவளும் போகிறாள். எழுந்து பலகையைத் திருப்பப் பார்க்கிறாள், மறுபடி குப்புற. யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தமும் கேட்டது. மாப்பிள்ளை குரல் மாதிரிதான் இருந்தது. வேறு யாராவது இருக்கும் என்று உங்கள் அத்தையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மறுநாள் வானதி போன் பண்ணி, "அப்பா, எனக்கெல்லாம் அது சரிப்பட்டு வராதுப்பா. நான் குண்டு. பலகையை வித்துடச் சொல்லிட்டேன்"னு சொன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. ஸ்கூல் ஆண்டு விழாவுல டான்ஸ் டீச்சர் அவளைப் பின்வரிசைக்கு அனுப்பினப்பவும் இப்படித்தான் சிரிச்சா. அதுக்கப்புறம் அவ ஆடவே இல்லை.

"பலகையை எப்படிம்மா பார்த்து வாங்கினீங்க?"ன்னு கேட்டேன். நிமிர்த்தி வெச்சா மோவாய்க்கு வரணும்னு கடையில சொன்னாங்களாம். நீங்களும் மோவாய்க்கு அளந்து, ஊதாக் கலர்ல பூப்போட்டது ஒண்ணு வாங்கிக் கொடுத்தீங்களாம். தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை, பலகை மேல நிக்கப்போறது மோவாயா?

வானதிக்கு அப்படியே என் உடம்புவாகு. உயரம், பாதம் எல்லாம் என் அச்சு. அவ எடையை எழுதினா என்னைச் சும்மா விடமாட்டா. அதனால ரைஸ் மில்லுல நெல் மூட்டை போடுற தராசுல நானே ஏறி நின்னேன். நூத்தி நாலு கிலோ காட்டுச்சு. அதுல கொஞ்சம் குறைச்சுக்கங்க, எவ்வளவுன்னு மட்டும் கேட்காதீங்க.

ரெண்டாம் போகத் தாளடி நடவுக்கு நம்ம வயல்ல சேறு அடிச்சுக் கிடந்தது. நீங்க கும்பகோணத்து டவுன் பிள்ளை, பார்த்திருக்க மாட்டீங்க. சேத்தைச் சமன் பண்ண டிராக்டருக்குப் பின்னாடி பலகை கட்டி இழுப்போம், பரம்படிக்கிறதுன்னு பேரு. டிராக்டர்காரர் சித்தீக் வந்திருந்தார். என் மோவாய் உயரத்துக்கு ஒடுக்கமா ஒரு பலகை எடுத்து டிராக்டருக்குப் பின்னாடி கட்டி, வீடியோவுல வானதி நின்ன மாதிரியே பக்கவாட்டுல நின்னு, ரெண்டு காலையும் துண்டால பலகையோட கட்டிக்கிட்டேன்.

"வேணாம் மாமா, அத்தை என்னையத்தான் திட்டுவாங்க"ன்னார் சித்தீக்.

"நீங்க மெதுவா விடுங்க தம்பி"ன்னேன்.

மெதுவாத்தான் விட்டார். பலகையோட மூக்கு சேத்துல குத்துச்சு. சமாளிக்கலாம்னு விரல் பக்கமா சாஞ்சேன், பலகைக்கு வெளியே நீட்டிக்கிட்டிருந்த கால்விரல் சேத்துல மாட்டிக்கிச்சு. கால்ல கட்டு, கையில பிடிமானம் இல்லை, வாயி மூக்கு காதெல்லாம் சேறு. நாத்துப் பறிச்சுக்கிட்டிருந்த பொம்பளைங்க முதல்ல ஐயோன்னாங்க, நான் எழுந்து உட்கார்ந்ததும் சிரிச்சாங்க. என் மக விழுந்த அதே விழுகை, மாப்பிள்ளை! முழங்கால் வலி உயிர் போகுது, மனசுக்குள்ள அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்து மாட்டுக்கொட்டகைக் கதவுல இருந்து ஒரு பலகையைக் கழட்டினேன். நெத்தி வரைக்கும் வரும், குறுக்கே வெச்சா என் பாதம் உள்ளே அடங்கும், சுலபத்துல வளையாது. ஏறி நின்னேன். சேறு என்னைத் தாங்குச்சு மாப்பிள்ளை! வழுக்கிக்கிட்டுப் போறேன், வரப்பு நகருது, கொக்கு பறக்குது. "போதும் மாமா, டீசல் தீருது"ன்னு சித்தீக் கத்தினார். நான் இறங்கலையே!

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்வது: பலகையை விற்க வேண்டாம், மாற்றுங்கள். மோவாயை மறந்துவிட்டு எடையைச் சொல்லி நீளம் கேளுங்கள். பூட்ஸைக் கையோடு எடுத்துப்போய்ப் பலகையின் குறுக்கே வைத்து, விரல் வெளியே துருத்துகிறதா என்று பாருங்கள். ரொம்ப வளைகிறது வேண்டாம். பெண்கள் பகுதியில் கிடைக்காவிட்டால் ஆண்கள் பகுதிக்குப் போங்கள், பலகைக்கு ஆண் பெண் கிடையாது. பூப்போடாவிட்டாலும் பரவாயில்லை. நான் சொன்னதாக மட்டும் காட்டிக்கொள்ள வேண்டாம். நீங்களே கண்டுபிடித்ததாக இருக்கட்டும்.

நீங்கள் இருவரும் எந்தச் சரிவிலும் நிமிர்ந்து நிற்க ஆசீர்வதிக்கும்,
வைத்தியலிங்கம்.

பின்குறிப்பு: திங்கட்கிழமை காலை. தபாலாபீசுக்குக் கிளம்பும்போது வானதி போன் பண்ணினாள். நான் சேற்றில் விழுந்ததையும் அப்புறம் வழுக்கிக்கொண்டு போனதையும் உங்கள் அத்தை எனக்குத் தெரியாமல் வரப்பில் நின்று வீடியோ எடுத்து அன்றைக்கே அவளுக்கு அனுப்பிவிட்டாளாம். "ஒரு பலகையில விழுந்தீங்க, இன்னொண்ணுல நின்னீங்க. உடம்பு அதேதானேப்பா?"ன்னா. கடைக்கு அவளே போய் நீளமும் அகலமுமா மாத்திக்கிட்டாளாம். நேத்து மலை உச்சியிலிருந்து கீழே வரைக்கும் ஒரு தடவைகூட விழலையாம். மேலே எழுதியது எதுவும் இனி தேவையில்லை, தள்ளிவிடவும். அவளைத் துரத்திப் பிடிக்கப் போய் நீங்கள்தான் இரண்டு தடவை விழுந்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். உங்கள் எடையையும் பூட்ஸ் அளவையும் உடனே எழுதி அனுப்பவும். சித்தீக் புதன்கிழமை வருகிறார்.