ஃபெயில் மேடமும் என் அறுபது பச்சைகளும்

செஞ்சிக் கோட்டையையே நாலு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கோட்டை என்று ஒத்துக்கொள்வார் எங்கள் ஃபெயில் மேடம். பரீட்சையில் ஃபெயிலானவர் இல்லை. எங்கள் புரோகிராம்களை ஃபெயிலாக்குவதற்கென்றே பிறந்தவர்.

பஜாரில் ஒரு உரக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். பஸ்ஸில் போகும்போது போன் ஒரு டவரை விட்டு அடுத்த டவருக்குத் தாவுமே, அப்போது பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும் புரோகிராம் எழுதினோம். அதன் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குட்டி டெஸ்ட் உண்டு. சரியென்றால் திரையில் பச்சை, தப்பென்றால் சிவப்பு. சிவப்பைப் பார்த்தால் மேடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஒருநாள் ஆபீசுக்குப் பூட்டு வாங்கப் போனவர், கடையிலிருந்த மற்ற பூட்டுகளின் சாவிகளையெல்லாம் அதில் போட்டுத் திருகினார்.

"இன்னாம்மா, பூட்டு வாங்க வந்தியா, திருட வந்தியா?" என்றார் கடைக்காரர்.

"சொந்தச் சாவியில தொறக்கறது பெரிசில்லண்ணே. அடுத்த சாவியில தொறக்கக் கூடாது. அதான் டெஸ்ட்டு."

மூன்றாவது சாவியில் பூட்டு திறந்துகொண்டது. கடைக்காரர் வேறு பூட்டை எடுத்து நீட்டினார்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு வெள்ளிக்கிழமை நான் மாட்டினேன். திங்களன்று வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். வேலை பிடிக்காவிட்டால் ஆபீசையே மூட வேண்டியதுதான். என் அறுபது டெஸ்டும் பச்சை. காலரைத் தூக்கிக்கொண்டு காட்டினேன்.

மேடம் என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் மூன்று வாரம் எழுதிய பகுதியை மொத்தமாக அழித்தார்!

"ஐயோ, இன்னா மேடம் பண்றீங்க?"

"இருங்க சார்." டெஸ்டுகளை மறுபடி ஓட்டினார். அறுபதும் பச்சை.



"இல்லாத புரோகிராம் பாஸாயிருக்குது சார்," என்றார். "டவர் மாதிரி ஒரு பொம்மை செஞ்சி வச்சிருக்கீங்க. அது எதக் கேட்டாலும் ஆமா ஆமான்னுது. நெஜ டவர் அப்டியா?"

அழித்ததைத் திரும்பப் போட்டுவிட்டு, பொம்மை டவருக்குக் கெட்ட புத்தி சொல்லிக்கொடுத்தார். தாமதமாகப் பதில் சொல்லும், பாதியில் ஓடிவிடும். ஓட்டினால் நாற்பது சிவப்பு. மேடம் சந்தோஷத்தில் எல்லோருக்கும் போண்டா வாங்கிவரச் சொன்னார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து முப்பத்தொன்பதைச் சரிசெய்தோம். ஒன்று மட்டும் வம்பு செய்தது. தனியாக ஓட்டினால் பச்சை, கூட்டத்தோடு ஓட்டினால் சிவப்பு. தலையைப் பிய்த்துக்கொண்டேன். டெஸ்டுகளை முன்பின்னாக மாற்றி மாற்றி ஓட்டிய மேடம் திடீரென்று மேஜையைத் தட்டினார்.

"முன்னாடி சாப்ட்டவன் எலைய எடுக்காமப் போயிட்டான் சார்! இவன் அதுலயே ஒக்காந்துட்டான்!"

முந்தைய டெஸ்ட் பொம்மை டவரோடு போட்ட இணைப்பை மூடாமலே போயிருந்தது. மூட வைத்தோம். பச்சை.

திங்களன்று வந்தவர்கள் போனும் கையுமாக அனந்தபுரம் பஸ்ஸில் ஏறினார்கள். மலை மறைத்த இடத்திலும் பேச்சு அறுபடவில்லை. திரும்பி வந்து, "டெஸ்டெல்லாம் யார் எழுதினது?" என்று கேட்டார்கள்.

"சார்தான்," என்று மேடம் என்னைக் காட்டிவிட்டார்.

அன்று மாலை டெஸ்டுகள் இருந்த கோப்பின் தலைப்பில், என் பெயருக்கு மேலே அவருடைய நிஜப் பெயரை எழுதிவிட்டு, "டெஸ்ட்ல உங்க பேரப் போட்டுட்டேன் மேடம்," என்றேன்.

"சரி சார்," என்றார். நான் சொன்னதில் அவர் திறந்து பார்க்காமலே நம்பியது அது ஒன்றைத்தான்.