ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

முப்பத்தேழு வயதில் புதிய தொழிலுக்குத் தாவுகிறவனுக்கு அறிவு குறைவாக இருக்கலாம். தன்னம்பிக்கைக்கு மட்டும் குறைவிருக்காது. எனக்கு அது வழிந்தது.

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடம் போல்ட் அளந்துகொண்டிருந்தேன். ஆன்லைனில் டேட்டா அனலிட்டிக்ஸ் படித்து முடித்த கையோடு ராஜினாமா கொடுத்துவிட்டேன். (வேறு வேலை கிடைத்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை.) மூன்று நேர்முகத் தேர்வுகளில் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வினேன். வீடு மனைவி கலைவாணியின் சம்பளத்தில் ஓடியது. அவளுக்கு ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் விவரங்களைப் பதியும் கவுண்டரில் வேலை.

நான்காவது இடத்தில் கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டேன். பல ஊர்களில் கண் மருத்துவமனை நடத்தும் நிறுவனம். நோயாளிகள் பட்டியலை அனுப்பி, அதில் என்ன தெரிகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு மகா உண்மையைக் கண்டுபிடித்தேன். கலைவாணியிடம்கூடச் சொல்லவில்லை.

ஜீவனஹள்ளியில் எங்களுக்கு ஒரே அறை. நான் லேப்டாப் முன்னால். கேமராவில் விழாதபடி எதிரே கட்டிலில் கலைவாணி. இருமக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தேன்.

திரையில் மூன்று முகங்கள். நடுவிலிருந்த மேடத்தின் முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முழங்கினேன்: உங்கள் நோயாளிகளில் மிகப் பெரிய கூட்டம், ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்!

எதிரே கலைவாணி இரண்டு கைகளையும் ஆட்டினாள். 'அசத்துறீங்க' என்று எடுத்துக்கொண்டேன்.

காரணம் என்ன என்று மேடம் கேட்டார். காரணத்தைப் பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை.

"குளிர், மேடம். மார்கழிப் பனியில் பிறக்கும் குழந்தைகளின் கண் நரம்பு..." (அந்த நொடியில் ஊறிய விஞ்ஞானம்.)

கலைவாணி தலையில் அடித்துக்கொண்டாள். பெருமை தாங்கவில்லைபோலும் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன். "எனவே இவர்களுக்கென்று தனியாக ஒரு சிறப்பு முகாம்..."

"அய்யோ, நிறுத்துங்க!" கட்டிலிலிருந்து குரல் வெடித்தது. "பொறந்த தேதி தெரியாதுன்னு சொல்றவங்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரி கவுண்டர்ல நாங்கதான் ஜனவரி ஒண்ணுன்னு போட்டு வைப்போம்! பெருசுங்களுக்கு வருஷமே ஞாபகம் இருக்காது, தேதிக்கு எங்க போறது?"

என் பதினோரு வருட அனுபவமும் எதிர்காலமும் தலைக்கு மேல் மின்விசிறியோடு சுற்றிக்கொண்டிருந்தன.

மேடம் திரையருகே குனிந்தார். "யாருங்க அது?" சுத்தத் தமிழ். "நான் ஓசூர் பக்கத்துல அத்திபெலேகாரி. தமிழ் புரியும். அவங்கள கொஞ்சம் முன்னாடி வரச் சொல்லுங்க."

கலைவாணி நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கட்டிலுக்குப் போனேன். செல்போன் இல்லாதவர்களுக்கு எந்த நம்பரைப் போடுவீர்கள், ஒரே பேரில் ரெண்டு பேர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று மூன்று பேரும் மாறி மாறிக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. மேடம் முதல்முறையாகச் சிரித்தார்.

"நீங்களும் அப்ளை பண்ணியிருக்கீங்களாம்மா?"

"இல்ல மேடம். எனக்கு வேலை இருக்கு."

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. ஐந்து மாதம் அலைந்து வேறோர் இடத்தில் சேர்ந்தேன். இன்றும் எந்த அறிக்கையானாலும் கலைவாணியிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை. நான் பிறந்தது ஆகஸ்ட் மாதம். ஆனால் ஊரே புத்தாண்டு வாழ்த்துச் சொல்லும் நாளில், ஓசூரிலிருந்து அவள் தம்பி விடியும் முன்பே போன் செய்துவிடுகிறான்:

"ஹேப்பி பர்த்டே மாமா! கண்ணு நல்லா தெரியுதா?"