வளரும் உடம்புக்கு

"உங்க பொண்ணு போற போக்கைப் பார்த்தீங்களா?" என்று மனைவி போகிற போக்கில் கேட்டாலும் கேட்டாள், தையல்காரருக்கு இரண்டு நாளாக இருப்புக் கொள்ளவில்லை. பதினைந்து வயது மகள் கைபேசியும் கட்டிலுமாகக் கிடக்கிறாள். ஏழரைக்கு எழுந்து, வாயில் ரொட்டியோடு பள்ளிக்கு ஓடுகிறாள். இந்தக் கவலையில் மனுஷர் ஒரே சட்டைக்கு மூன்று கை வெட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பொங்கி எழுந்தார். "இன்னிக்கே சட்டம் போடறேன்!"

"தாராளமா போடுங்க. பேரு மட்டும் போடாதீங்க, வயசுப் பொண்ணு, முறைச்சுக்குவா. பொதுவா 'வளரும் உடம்புக்கு'ன்னு எழுதுங்க."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. பழுப்புத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதினார். வளரும் உடம்புக்கு: காலை ஐந்தரைக்கு எழ வேண்டும். ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். இனிப்பு கூடவே கூடாது. எந்தச் சாக்கும் செல்லாது. கீழே கையெழுத்தும் போட்டுச் சுவரில் ஒட்டினார்.

மகள் வந்து படித்தாள். முறைக்கவில்லை. தலைப்பின் மேல் விரலை வைத்தாள்.

"வளரும் உடம்புன்னா யாருதுப்பா?"

"இதென்ன கேள்வி? உன்னுதுதான்!"

"அளந்துடலாமா?"

அவர் கழுத்தில் தொங்கிய டேப்பையே உருவினாள். மனைவி அளவு நோட்டோடு தயாராக நின்றாள். மகளுக்குப் போன வருஷச் சீருடை அளவுதான், உயரத்திலும் இடுப்பிலும் ஒரு நூல் கூடவில்லை. அடுத்து அவர் முறை.

"மூச்சை விடுங்கப்பா."

"விட்டுட்டுத்தானே இருக்கேன்!"

"பேசினதும் தொப்பை இறங்குது பாருங்க."

போன வருஷம் முப்பத்தாறு அங்குலமாக இருந்த இடுப்பு, முப்பத்தொன்பதரை ஆகியிருந்தது.

"வளர்ற உடம்பு யாருதுன்னு தெரிஞ்சுபோச்சு," என்றாள் மனைவி. "கையெழுத்தும் உங்களுதுதான்."

"அப்போ இவ?"

"நானும் துணைக்கு வர்றேம்ப்பா. தனியா விட்டா எங்கேயாவது உட்கார்ந்துடுவீங்க."

போகட்டும், மகளாவது விடியலில் எழுகிறாளே என்று அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். தோற்றாலும் ஜெயித்தது தான்தான் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மகள் முன்னால் வீசி நடந்தாள். இரண்டாவது தெருவில் இவருக்கு நாக்கு வெளியே தள்ளியது. அவள் முனை திரும்பியதுதான் தாமதம், டீக்கடைக்குள் பாய்ந்தார்.

"ஒரு டீ! சர்க்கரை மூணு கரண்டி. சீக்கிரம்!"

கடைக்காரர் கண்ணாடிக் கிளாஸை நிதானமாகக் கழுவினார்.

"உங்களுக்குச் சர்க்கரை கிடையாது சார். திங்கக்கிழமையிலேருந்து நீங்க நடக்க வருவீங்கன்னு, உங்க வீட்டம்மா போன வாரமே வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க."