ஸ்பா பாஸுக்கு மாதிரி பார்த்த கதை

வியாபாரிக்கு ஓய்வெடுக்கத் தெரியாது. ஓய்வைக்கூட விலை விசாரித்து, நாலு இடத்தில் ஒப்பிட்டுப் பார்த்து, கடைசியில் 'அடுத்த வருசம் பாப்போம்' என்று தள்ளிப்போட்டுவிடுவான். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என்னைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தூத்துக்குடியில் முப்பது வருடமாக உப்பு வியாபாரம் செய்கிறேன். உப்பளத்தில் வாங்கி வெளியூருக்கு லாரியில் அனுப்புகிற வேலை. மாதிரி பார்க்காமல் ஒரு மூட்டைகூட வாங்கியது கிடையாது. குவித்து வைத்த அம்பாரத்தின் மேலே இருப்பதை நம்ப மாட்டேன். கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி, இரண்டு கல்லை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கசந்தால் திரும்பி நடந்துவிடுவேன். (மகளுக்கு வரன் பார்க்கப் போன வீட்டில் ஊறுகாயைத் தொட்டு நக்கிவிட்டு, 'இது எந்த அளத்து உப்பு?' என்று சம்பந்தி அம்மாளிடம் கேட்டவன் நான். அந்தச் சம்பந்தம் எப்படிக் கூடியது என்பது இன்றுவரை எங்களுக்கே விளங்கவில்லை.)

மகள் கல்யாணம் முடிந்த அடுத்த வருடம், ஒரு கப்பல் கம்பெனி 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று தூத்துக்குடியிலிருந்தே ஒரு சுற்றுலாக் கப்பலை விட்டது. கொச்சி, லட்சத்தீவு, திரும்பத் தூத்துக்குடி. ஐந்து நாள். எங்கள் கல்யாண நாளுக்கென்று மகளும் மருமகனும் டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் வராது என்று தெரிந்த பிறகுதான் நான் சம்மதித்தேன். நிலக்கரிக் கப்பலையும் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றுகிற தோணியையும் மட்டுமே பார்த்துப் பழகிய எனக்கு, பதினோரு மாடியோடு நின்ற அந்த வெள்ளைக் கப்பல், யாரோ ஒரு பெரிய லாட்ஜைத் தண்ணீரில் இறக்கிவிட்டது போல இருந்தது. ஏறிய கூட்டத்தில் பாதி தெரிந்த முகம். ஏரல் பாத்திரக்கடை அண்ணாச்சிகூடக் குடும்பத்தோடு வந்திருந்தார்.

அறைக்குள் போனதும் என் மனைவி ஜெயக்கனி கட்டிலில் கிடந்த ஒரு வழவழப்பான தாளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள். கப்பலில் ஸ்பா இருக்கிறதாம். பாஸ் எடுத்தால் பயணம் முடியும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். சூடான ஓடு பதித்த படுக்கை, நீராவி அறை, உப்பு அறை. பாஸ் கொஞ்சம்தான் இருக்கிறது. கப்பல் கிளம்பியதும் விற்பனை முடிந்துவிடும்.

கனிக்கு வலது தோள் இறுகிப்போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. டாக்டர் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார், கொடுத்தாள். ஓய்வும் எடுக்கச் சொன்னார். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

"ஏங்க, இது ஒண்ணு எடுத்துக்கிடட்டுமா?" என்றாள்.

கனி தனக்கென்று ஒன்று கேட்பது அபூர்வம். சேலைகூட, 'பிள்ளைக்கு எடுக்கும்போது எனக்கும் ஒண்ணு' என்றுதான் எடுப்பாள். கொஞ்சம் மூளை உள்ளவன் அந்த இடத்திலேயே சரி என்று சொல்லியிருப்பான். நான் தாளை வாங்கி விலையைப் பார்த்தேன்.

"ஏளா, உப்பு அறைன்னு போட்டிருக்கான். உப்புக்குள்ள உக்கார துட்டா? நம்ம ஊரே உப்பு அறைதான?"

"ஊருல எங்க உக்கார விடுதிய?" என்றாள் கனி.

அது என் காதில் விழுந்தது. ஆனால் விலைக்குக் கீழே பொடி எழுத்தில் வரி தனி என்று போட்டிருந்ததை நான் படித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாளிலேயே, மதியம் இரண்டரை மணிக்கு ஸ்பாவை இலவசமாகச் சுற்றிக் காட்டுவார்கள் என்றும் இருந்தது. எனக்கு உயிர் வந்துவிட்டது.

"நான் போயி ஒரு மாதிரி பாத்துட்டு வந்து சொல்லுதேன்."

"சீக்கிரம் வாங்க. நாலு மணிக்கு எல்லாரும் மேல கூடணுமாம், ஆபத்து வந்தா என்ன செய்யணும்னு பயிற்சியாம். அதுக்கப்புறம் கப்பல் கிளம்பிரும். பாஸும் கிடைக்காது" என்றாள். "பயப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஸ்பாவைச் சுற்றிக் காட்டியது மணிப்பூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் கூட்டத்தில் பத்துப் பதினைந்து பேர். நீராவி அறையைக் காட்டினாள். சரி, வீட்டில் இட்லிக் கொப்பரையைத் திறந்தால் வருவதுதான். அடுத்தது உப்பு அறை. சுவர் முழுக்க இளஞ்சிவப்புக் கட்டிகளை அடுக்கி உள்ளே விளக்குப் போட்டிருந்தார்கள். இது இமயமலை உப்பு, மிகத் தூய்மையானது, மூச்சுக்கு நல்லது என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

மிகத் தூய்மையானது என்று ஒருத்தி என் முன்னால் நின்று சொன்னால் நான் என்ன செய்வேன்? முப்பது வருடப் பழக்கம். யோசிப்பதற்குள் சுவரில் ஒரு கட்டியின் ஓரத்தை நக்கிவிட்டேன். (விரலால் தொட்டு நக்கியிருக்கலாம் என்று பிறகு பலரும் சொன்னார்கள். கட்டி காய்ந்திருந்தது, விரலில் ஒட்டவில்லை. அதையும் முயற்சி செய்தேன்.)

"சார், ப்ளீஸ், சுவரை நக்காதீர்கள்" என்றாள் அந்தப் பெண், ஆங்கிலத்தில், மிகுந்த மரியாதையோடு. இதே காரியத்துக்காக நான்கு வயதில் அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். அது சுண்ணாம்புச் சுவர். நான் அசடு வழிந்துகொண்டு, "கசப்பு இல்ல, ஆனா மண்ணு கலந்திருக்கு" என்று தமிழில் தீர்ப்புச் சொன்னேன். கூட்டம் என்னைவிட்டு ஓர் அடி தள்ளி நின்றது. எனக்கே தெரிந்த இரண்டு பேர் என்னைத் தெரியாதது போல விளக்கைப் பார்த்தார்கள்.

கடைசியாகச் சூடான படுக்கை அறை. மங்கலான வெளிச்சம், எங்கோ தண்ணீர் விழுகிற சத்தம், சாய்ந்து படுக்கிற மாதிரி வளைத்துக் கட்டிய ஓட்டுப் படுக்கைகள். கனிக்கு வேண்டியது இதுதான் என்று எனக்குத் தெரியும். ஆகவே இதைத்தான் சரியாகச் சோதிக்க வேண்டும். வெறுமனே கையை வைத்துப் பார்த்தால் எப்படி? அது அம்பாரத்தின் மேல் உப்பைப் பார்ப்பது போல. கூட்டம் வெளியே நகர்ந்தபோது நான் பின்தங்கினேன். கொக்கியில் வெள்ளைத் துண்டுத்துணி அங்கி ஒன்று தொங்கியது. சட்டை கசங்கக் கூடாதே என்று கழற்றி மாட்டிவிட்டு, அங்கியையும் கீழே கிடந்த காகிதச் செருப்பையும் போட்டுக்கொண்டு, ஐந்தே நிமிடம் என்று படுத்தேன்.

அந்த மாதம் முழுக்கப் பருவம் தப்பி மழை. பாத்தியில் இருந்த உப்பு கரைந்துகொண்டிருந்த கவலையில் எனக்குச் சரியான தூக்கம் கிடையாது. சூடு முதுகில் ஏறியது. 'சரக்கு நல்ல சரக்குதான்' என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நாலு மணிக்குச் சங்கு ஊதியிருக்கிறார்கள். ஏழு சின்னது, ஒரு பெரியது. செத்தவனும் எழுந்து உட்காருவான் என்று சொன்னார்கள். நான் மில் சங்கும் துறைமுகச் சங்கும் கேட்டு வளர்ந்தவன். சங்கு ஊதினால் புரண்டு படுப்பேன். ஸ்பாவில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் பயிற்சிக்காக அவரவர் இடத்துக்கு ஓடிவிட்டார்கள். கப்பலில் ஒரு சட்டம் உண்டு. ஏறியவர்கள் அத்தனை பேரும் பயிற்சிக்கு வந்துவிட்டார்கள் என்று கணக்குச் சரியாகாமல் கயிறு அவிழ்க்க மாட்டார்கள். ஆயிரத்துச் சொச்சம் பேர் வந்து நின்றார்கள். ஒருத்தர் குறைந்தார்.

ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். இந்தியில் கூப்பிட்டார்கள். ஒன்றும் நடக்காததால், கப்பலில் வேலை செய்கிற புன்னைக்காயல் பையன் சேவியரைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்தினார்கள். அவனும் ஊர்த் திருவிழாவில் காணாமல் போன பிள்ளைக்கு அறிவிப்புக் கொடுக்கிற அதே குரலில், "தூத்துக்குடி உப்பு வியாபாரி தங்கராஜ் அண்ணாச்சி, நீங்க எங்க இருந்தாலும் உடனே மேல்தளத்துக்கு வரவும். உங்க வீட்டம்மா அழுதுக்கிட்டு நிக்காவ" என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறான். பதினோரு மாடியிலும் கேட்டதாம்.

கடைசியில் என்னைக் கண்டுபிடித்ததும் அவன்தான். தோளைப் பிடித்து உலுக்கினான்.

"அண்ணாச்சி, எந்திரிங்க. கப்பல் உங்களுக்காக நிக்கி."

"எந்தக் கப்பல்?" என்று கேட்டேன்.

அங்கியோடும் காகிதச் செருப்போடும் என்னை மேல்தளத்துக்கு அழைத்துப் போனான். வரிசை வரிசையாக ஆட்கள். வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றவர்கள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஏரல் அண்ணாச்சி மட்டும் முதல் வரிசையில் நின்று, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "ஏ தங்கராசு, நம்ம துறைமுகத்துல கப்பலை நிறுத்துன ஆளு ரெண்டே பேருதான். ஒண்ணு புயலு" என்றார். வரிசை சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன்.

அப்போது கனியைப் பார்த்தேன். எல்லோரையும் போல அவளுக்கும் உயிர்காப்புச் சட்டை கொடுத்திருந்தார்கள். வலது கை உள்ளே போகவில்லை. இடது பக்கம் மட்டும் மாட்டி, மீதி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. முகமெல்லாம் கண்ணீர். பக்கத்தில் நின்ற அதிகாரியிடம் அரை மணி நேரமாக ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்: "இவுகளுக்கு நீச்சல் தெரியாது சார். தண்ணிக்குள்ள பாருங்க சார்."

என்னைப் பார்த்ததும் அவள் திட்டவில்லை. இடது கையால் என் அங்கியின் கையைப் பிடித்தாள். பிடித்தவள் விடவே இல்லை. ஆயிரம் பேர் சிரித்தபோது வராத வெட்கம் அப்போது வந்தது. ஒரு சட்டைக்குள் கையை நுழைக்க முடியாத பெண்ணுக்கு ஒரு பாஸ் தேவையா என்று நான் மாதிரி பார்க்கப் போயிருக்கிறேன். என்னை நானே ஓர் அறை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

கொக்கியில் மாட்டிய என் சட்டையை எடுக்கத் திரும்ப ஸ்பாவுக்குப் போக வேண்டியிருந்தது. கனியும் கூடவே வந்தாள், சேவியரும் வந்தான். என்னைக் கண்டதும் மணிப்பூர்ப் பெண் சுவருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

"தம்பி, பாஸ் இன்னும் இருக்கான்னு கேளு" என்றாள் கனி.

கப்பல் கிளம்பும்வரைதான் விற்பனை என்றாள் அந்தப் பெண்.

"கப்பல் இன்னும் கிளம்பலியே, இவுக புண்ணியத்துல."

சேவியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை மொழிபெயர்த்தான். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். இரண்டா என்று விரலைக் காட்டினாள்.

"ஒண்ணு போதும். இவுக பாத்து முடிச்சிட்டாவ."

அறைக் கணக்கில் எழுத ஒரு கையெழுத்து வேண்டும் என்று தாளை நீட்டினார்கள். வழக்கப்படி நான் பேனாவுக்குக் கையை நீட்டினேன். கனி வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். என்னைக் கேட்காமல் அவள் போட்டு நான் பார்த்த முதல் கையெழுத்து அது. அவள் பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் தரை மெல்ல அதிர்ந்து கப்பல் நகர்ந்தது.

அடுத்த நாட்களில் அவள் காலையும் மாலையும் போனாள். நான் மேல்தளத்தில் நடந்தேன். எதிரே வருகிறவர்கள் எல்லாம், "அண்ணாச்சி, நல்லாத் தூங்கினியளா?" என்று விசாரித்தார்கள். சமையல்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் அவள் திரும்பி வந்தபோது கேட்டேன். "தோளு எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

எனக்குள் இருந்த வியாபாரி எழுந்து உட்கார்ந்தான். "அப்போ துட்டு வேஸ்டுதானா?"

கனி கட்டிலில் உட்கார்ந்தாள். முகம் என்னவோ தெளிவாக இருந்தது. "ரெண்டு மணி நேரம் சும்மா படுத்திருந்தேன். ஒருத்தரும் 'கனி'ன்னு கூப்பிடல. கல்யாணமாகி இன்னிக்கு வரைக்கும் இப்படிப் படுத்ததில்ல."

வருத்தமாகச் சொல்லவில்லை. கொச்சியில் மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னாள். வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவளைக் கூப்பிடுகிறேன் என்று நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். கண்ணாடி எங்கே, வண்டிச் சாவி எங்கே, ரசீதுப் புத்தகம் எங்கே, டீ வந்ததா. காலை பத்து மணியைத் தாண்டுவதற்குள் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். "நாளைக்கும் போ" என்றேன். "உங்களக் கேட்டா போறேன்?" என்றாள்.

தோள் சரியாக ஊருக்கு வந்து ஆறு மாதம் ஆனது. அதற்கு வேறு வைத்தியம், வேறு பயிற்சி. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மதியம் மூன்று மணி முதல் நாலு மணிவரை உள் அறைக் கதவு சாத்தியிருக்கும். அவள் செல்போன் என்னிடம் இருக்கும். 'அம்மா ஸ்பாவுல இருக்காவ' என்று மகள் ஆரம்பித்து வைத்தாள், மருமகன் வீட்டார் பிடித்துக்கொண்டார்கள், இப்போது பால்காரர்வரை சொல்கிறார். முதல் வாரம் நான் மூன்று தடவை அந்தக் கதவுக்கு முன்னால் போய் வாயைத் திறந்து, மூடிக்கொண்டு திரும்பினேன். இப்போது கண்ணாடி எங்கே இருக்கும் என்று எனக்கே தெரியும். டீயும் போடுவேன். குடிக்கலாம்.

போன மாதம் ஏரல் அண்ணாச்சி பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். புருஷன் பெண்டாட்டி இருவரையும் நிற்க வைத்துத்தான் தட்டை நீட்டுவார்.

"தங்கச்சி எங்க?"

"ஸ்பாவுல இருக்கா அண்ணாச்சி. வர அரை மணி நேரம் ஆகும்."

"நம்ம ஊர்லயா? எந்தத் தெருவுல?"

"உள் ரூம்ல."

அவர் என்னைப் பார்த்தார், சாத்திய கதவைப் பார்த்தார். நான் போட்ட டீயை ஒரு வாய் குடித்துக் கீழே வைத்தார். "இன்னும் நாலு வீட்டுக்குப் போகணும்டே. ஒரு குரல் குடேன்" என்றார். நான் தலையாட்டி மறுத்துவிட்டேன். பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே, "தங்கச்சி, நான்தான் வந்திருக்கேன்" என்று கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

உள்ளேயிருந்து கனியின் குரல் நிதானமாக வந்தது.

"அண்ணாச்சிட்ட பாஸ் இருக்கான்னு கேளுங்க."