நாலாவது பின்னங்கால்

“இன்னைக்கு வந்ததுல நீ நாலாவது பின்னங்கால்,” என்றான் டிவி ஸ்டுடியோவின் வாசல் காவலாளி ஜாமித்.

நோலீன் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். “மத்த மூணு பேரும் பொய்.”

“அவங்களும் அதையேதான் சொன்னாங்க. ஒருத்தருக்குத் தாடி வேற.”

“தாடி வச்சவன் எப்படிப்பா நான் ஆவான்?”

“மாட்டுத் தோலுக்குள்ள இருந்தா தாடி எங்கம்மா தெரியப்போகுது?”

பக்கத்தில் ரேடியோவில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. தூறல் வேறு. நோலீன் குடை கொண்டுவரவில்லை.

“சரி, முன்னங்கால்னு சொல்லிக்கிட்டு யாராவது வந்தாங்களா?”

“முன்னங்கால் காலையிலேயே கார்ல வந்தாச்சு. அதுக்கு வண்டி நிறுத்தத் தனி இடமே இருக்கு.”

அதுதான் விஷயமே. முன்னங்காலுக்கு எப்போதும் தனி இடம் இருந்தது. டெஸ் கார்மோடி என்றால் மெல்பர்னில் நடுவயதைத் தாண்டிய எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை ராத்திரி நகைச்சுவை நிகழ்ச்சியில் மேவிஸ் என்ற பசுவாக வந்தவன். அந்தப் பசுவுக்குப் பின்பாதி ஒன்று உண்டு, அதற்குள் ஒருத்தி வருஷக்கணக்கில் குனிந்தே நின்றாள் என்பது யாருக்கும் தெரியாது. நின்றவள் நோலீன்.

இப்போது சேனல்காரர்கள் பழைய நிகழ்ச்சியைத் தூசி தட்டி, டெஸ்ஸையே வைத்து மறுபடி புதிதாக நடத்துகிறார்கள். போன சனிக்கிழமை நோலீன் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் திரும்பவில்லை.

“பின்னாடி நிக்கிறவன் நடக்கவா செய்றான்? பசு ஒட்டகம் மாதிரி போகுது. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். என்னை உள்ளே விட வேணாம். டெஸ்கிட்ட நீயே சொல்லிடு.”

“நான் வாசல்ல நிக்கிறவன்மா. மாட்டைப் பத்தி நான் என்ன சொல்றது? வீட்டுக்குப் போ. பின்சந்து வழியா மட்டும் சுத்திக்கிட்டுப் போகாதே. குப்பை வண்டி நிக்கும், இடிச்சுக்குவே.”

அவன் ரேடியோப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அங்கே ஒரு பின்சந்து இருப்பதே நோலீனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

குப்பை வண்டி எதுவும் இல்லை. குப்பைத்தொட்டிகள்தான் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு இரும்புக் கதவு. அது சாத்திக்கொள்ளாமல் இருக்க யாரோ ஒரு பெயிண்ட் டப்பாவை முட்டுக் கொடுத்திருந்தார்கள். உள்ளேயிருந்து மாவும் கறியும் சேர்ந்து வேகும் வாசனை வந்தது. சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தாள்.

“இப்பத்தான் வர்றியா?” என்று ஒரு குரல் அதட்டியது. சமையலறையில் சூலா என்ற கிரேக்கப் பெண்மணி அடுப்பைத் திறந்துகொண்டு நின்றாள். “ஏப்ரனை மாட்டு. அந்தத் தட்டை எடு.”

“நான் வந்து...”

“வந்தது தெரியுதுல்ல. எடு. சாசேஜ் ரோல் ஆறிட்டா எனக்குத்தான் திட்டு. முதல்ல உடை அறைக்குப் போ. டெஸ் சொல்லியிருக்காரு, அந்தப் பின்னங்கால் பையனுக்குப் பசிக்குமாம்.”

ஆணியில் ஒரு ஏப்ரன் தொங்கியது. நோலீன் அளவுக்குச் சரியாக இருந்தது. தட்டைக் கையில் வாங்கிவிட்டால் வேலையை முடிக்காமல் அவளால் கீழே வைக்க முடியாது. வாழ்க்கை முழுக்க அதுதான் அவள் வியாதி.

ஆரம்பமும் அப்படித்தான். ஃபுட்ஸ்க்ரே பக்கம் ஆற்றங்கரையில் இறைச்சித் தொழிற்சாலை. டெஸ் வெட்டுகிற தளத்தில், நோலீன் குடல் கழுவுகிற தளத்தில். தொழிற்சங்கப் பிக்னிக்கில் ஒரு தடவை இரண்டு பேரும் விளையாட்டுக்கு மாட்டுத்தோலுக்குள் நுழைந்தார்கள். பார்த்தவர்கள் புல்லில் விழுந்து புரண்டார்கள். சேனல்காரன் ஒருவன் தேடிவந்தான். விளக்குச் சூட்டில் மணிக்கணக்காகக் குனிந்து நிற்க முடியுமா என்று கேட்டான். குடல் கழுவுகிறவளிடம் கேட்கிற கேள்வியா அது?

முன்னால் டெஸ் தலையை ஆட்டி, கண்ணைச் சிமிட்டுவான். மற்றதெல்லாம் பின்னால். வாலுக்கு ஒரு கயிறு. மடிக்கு ஒரு பம்பு. விருந்தாளி தன் பெருமையைச் சொல்ல ஆரம்பித்ததும் பசு மெதுவாகத் திரும்பும், வாலைத் தூக்கும், அவர் பளபளப்பான ஷூவில் பாலைப் பீச்சும். ஊரே சிரிக்கும். உள்ளே இருட்டில் நோலீனுக்கு அந்தச் சிரிப்பு தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோலக் கேட்கும்.

பசுவின் தலைக்குள் மைக். அதனால் முன்னால் இருப்பவன் வாய் திறக்கக்கூடாது. நோலீன் இடது கையால் அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொள்வாள். கத்திகளைத் தொங்கவிடும் அகலமான தோல் பெல்ட், தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் திரும்பு, இரண்டு இழுத்தால் உட்கார். பின்னாலிருந்து முன்னால் எதையும் சொல்லலாம். முன்னாலிருந்து பின்னால் சொல்லத்தான் வழி கிடையாது.

மேவிஸுக்கு ஒரு வருஷம் டிவி உலகின் பெரிய விருது கிடைத்தது. அழைப்பு ஒன்றுதான் வந்தது. டெஸ் மேடையேறி அம்மாவுக்கு நன்றி சொன்னான், சேனலுக்கு நன்றி சொன்னான், தொழிற்சாலை முதலாளிக்குக்கூட நன்றி சொன்னான். நோலீன் வீட்டில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை டெஸ்ஸிடம் சொன்னாள். “இனிமே நீ கூப்பிட்டா நான் வரமாட்டேன்டா. நீ கூப்பிட்டு நான் வந்தா செருப்பைக் கழட்டி அடி.”

“பதட்டத்துல மறந்துட்டேன் நோலீன்...”

“பின்னாடி ரெண்டு கால் இருக்கிறதையா மறந்தே?”

மறுவாரம் ஒரு தடவை போன் வந்தது. அவன் குரல் கேட்டதும் வைத்துவிட்டாள். இரண்டாவது தடவை அடித்தால் பேசலாம் என்று இருந்தாள். அடிக்கவில்லை.

அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் துணி சுமக்கப் போனாள். டெஸ்ஸுக்குத் தனி நிகழ்ச்சி கொடுத்தார்கள், ஒரே வருஷத்தில் பிடுங்கினார்கள். பிறகு காலை ரேடியோ. கம்பள விளம்பரம். உல்லாசக் கப்பல்களில் கிழவிகளைச் சிரிக்கவைக்கும் வேலை. கடைசியாகக் காது கேட்கும் கருவி விளம்பரம். ஒவ்வொன்றையும் நோலீன் பார்த்தாள், சத்தத்தைக் குறைத்துவிட்டு. போன் எண்ணை மட்டும் மாற்றவே இல்லை. வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார், இந்தப் பழைய போனை எதற்குக் கட்டி அழுகிறாய் என்று.

தட்டோடு நடைபாதையில் திரும்பியபோது எதிரே காதில் ஹெட்செட் மாட்டிய பிரயோனி ஓடிவந்தாள். மேடை முழுக்க அவள் பொறுப்பு. நோலீன் ஒதுங்கியதில் தக்காளி சாஸ் கிண்ணம் சரிந்து பிரயோனியின் ஷூவில் கொட்டியது.

“ஐயையோ, இரும்மா, துடைச்சிடறேன்.” நோலீன் ஏப்ரனால் துடைத்தாள். வெள்ளை ஷூ முழுக்கச் சிவப்பானது.

“யார் நீங்க? இங்க சாஸ் கொண்டுவரக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது! பேர் என்ன?”

“சூலாவைக் கேளு,” என்று சொல்லிவிட்டு நோலீன் கைக்கு எட்டிய கதவைத் திறந்து உள்ளே புகுந்தாள்.

உடை அறை. நீள மேஜைமேல் இரண்டு துண்டாகக் கிடந்தாள் மேவிஸ். புதுத்துணி, புது இமை. ஆனால் அதே அசட்டு முகம். நோலீன் தட்டை வைத்துவிட்டுப் பின்பாதியைத் தடவிப்பார்த்தாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த இளைஞன் எழுந்துவந்தான். ஒல்லி. நடனக்காரன். அவனுடைய கால்கள்தான் ஒட்டகக் கால்கள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“அப்பாடா, ரோலா?” ஒன்றை முழுசாக வாயில் போட்டான், இன்னொன்றையும் எடுத்தான். “காய்கறிதானே? நான் கறி சாப்பிடமாட்டேன்.”

“கறின்னு சொல்ல முடியாதுப்பா,” என்றாள் நோலீன் நேர்மையாக. “இதுக்கு இறைச்சி அரைக்கிற ஃபேக்டரியில நான் இருந்திருக்கேன். உதடு, காது, கன்னத்துச் சவ்வு. அப்புறம் அரைக்கிற மெஷின்ல ஒட்டியிருக்கிறது.”

பையனின் முகம் வெளிறியது. வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினான்.

“நான் நல்லதுக்குத்தான்டா சொன்னேன்!” என்று அவன் முதுகைப் பார்த்துக் கத்தினாள்.

வெளியே பிரயோனி குரல் நெருங்கியது. “அந்த சாஸ்காரி எங்கே? பின்னங்கால் ரெடியா?”

ஒளிய இடம் இல்லை. அலமாரியில் பூட்டு. மேஜைக்கு அடியில் பெட்டிகள். நோலீன் யோசிக்கவில்லை. பின்பாதியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்துவிட்டாள்.

பிரயோனி வந்து பசுவின் பிட்டத்தில் தட்டினாள். “ரெடிதானே?”

வேறு வழியில்லாமல் நோலீன் வால் கயிற்றைச் சுண்டினாள்.

“அட! போன வாரம் இப்படி ஆடலையே. இதையே வச்சுக்கோ.”

பிறகு வேறொருவர் வந்தார். குனிந்திருந்தவளுக்குத் தெரிந்தது இரண்டு ஷூ, இழுத்து இழுத்து வைக்கும் முட்டிக்கால். முனகிக்கொண்டே முன்பாதிக்குள் இறங்கினார். யாரோ இரண்டு பாதியையும் சேர்த்து ஜிப் போட்டார்கள். இருட்டு. கண்ணுக்கு நேரே ஒரு பெல்ட். அகலமான தோல் பெல்ட். ஓரம் தேய்ந்து, புதிதாக இரண்டு துளை போட்டது. அவன் இளைத்துத்தான் போயிருக்கிறான்.

அவள் இடது கை தானாகப் போய்ப் பிடித்தது.

முன்னால் மூச்சு நின்றது. பிறகு பசு நடந்தது.

நடந்தது என்றால் பசுவாகவே நடந்தது. மேடைக்கு வந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. விருந்தாளி சமையல் போட்டி நடுவர், வெள்ளைக் கோட்டு. “நான் ஒரு வாய் வச்சா போதும், அந்த ஓட்டலோட தலையெழுத்தையே சொல்லிடுவேன்,” என்றார் அவர். நோலீன் பெல்ட்டை ஒரு தடவை இழுத்தாள். பசு திரும்பியது. வால் தூக்கியது. அவள் பம்பை அழுத்தினாள்.

புது மடியில் எவ்வளவு பிடிக்கும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சலவைக்கூடத்தில் ஈரத்துணி முறுக்கிய கை வேறு. பால் ஷூவைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, நடுவரின் திறந்த வாய்க்குள் போனது. நிறுத்தப் பார்த்தாள், காம்பு திரும்பிக்கொண்டு ஓரத்தில் நின்ற பிரயோனியை நனைத்தது. பதற்றத்தில் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துவிட்டாள்.

பசு உட்கார்ந்தது. மறுபடி எழுந்திருக்கவில்லை.

டெஸ்ஸின் முட்டி மாட்டிக்கொண்டது. நோலீன் தோளைக் கொடுத்து, ஒரு முழு மாட்டுத் தொடையைத் தூக்குவதுபோலத் தூக்கினாள். முன்பாதி எழுந்தது, பின்பாதி விழுந்தது. பின்பாதி எழுந்தது, முன்பாதி விழுந்தது. கூட்டம் நாற்காலியைத் தட்டிக் கத்தியது. தகரக் கூரைமேல் அதே மழை.

“எந்திரிடா கிழவா,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “உன் போனுக்காக எவ்ளோ நாள்டா உட்கார்ந்திருக்கிறது நான்?”

பெல்ட் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறானா, மூச்சு வாங்குகிறானா என்று தெரியவில்லை.

ஒருவழியாகப் பசு மேடை ஓரத்துக்கு நகர்ந்தது. ஜிப்பைத் திறந்ததும் எல்லோரும் துண்டோடும் நாற்காலியோடும் டெஸ்ஸைச் சூழ்ந்துகொண்டார்கள். அவன் தலை இன்னும் மேவிஸின் தலைக்குள் சிக்கியிருந்தது. அவன் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை.

“பின்னாடி இருந்தது யாரு?” என்று பால் சொட்டச் சொட்டப் பிரயோனி அலறினாள்.

நோலீன் தவழ்ந்து வெளியேறி, நடைபாதையில் ஓடி, சமையலறையில் சூலாவைத் தாண்டினாள். அவனுக்குத் தெரியவே இல்லை. ஒட்டகப் பையன்தான் கத்தினான் என்று நினைத்திருப்பான். எத்தனையோ வருஷம் சேர்த்துவைத்த ஒரு வார்த்தை, அதையும் பிட்டத்துக்குள்ளிருந்து சொல்லித் தொலைத்தாயிற்று.

இரும்புக் கதவைத் தாண்டியதும் நின்றாள். குப்பைத்தொட்டிமேல் சாய்ந்தபடி ஜாமித் நின்றுகொண்டிருந்தான். இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது. அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “சரிங்க, கேக்கறேன்,” என்றான்.

நோலீன் ஏப்ரனைக் கழற்றி நீட்டினாள். “போலீசைக் கூப்பிடணும்னா கூப்பிடு. ஆனா கதவை நான் உடைக்கல. திறந்துதான் கிடந்துச்சு.”

ஜாமித் ஏப்ரனை வாங்கவில்லை. குனிந்து, நகர்ந்திருந்த பெயிண்ட் டப்பாவை மறுபடி கதவுக்கு முட்டுக் கொடுத்தான்.

“முன்வாசல்ல யாரையும் விடாதே, நிஜப் பின்னங்காலா இருந்தா பின்பக்கமா வந்துரும், கூப்பிட்டா மட்டும் வராதுன்னு சொல்லி, டெஸ்தான்மா மூணு வாரமா இந்த டப்பாவை இங்க வைக்கச் சொல்றாரு, அடுத்த சனிக்கிழமையும் வைக்கட்டுமான்னு உன்கிட்ட கேக்கச் சொன்னாரு.”