இரண்டு கோடு

பஷைஜா குச்சியை வெயிலில் பிடித்துப் பார்த்தான். இரண்டு கோடு. திருப்பிப் பார்த்தான். அப்போதும் இரண்டு கோடுதான்.

ஒரு கோடு என்றால் வாழை நல்ல வாழை. இரண்டு கோடு என்றால் வாடல் நோய். வேளாண்மைப் பயிற்சியில் ஆளுக்கொரு சோதனைக் குச்சி கொடுத்துப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். காலையில்தான் மஞ்சளடித்து நின்ற ஒரு மரத்தின் சாற்றைக் கிண்ணத்தில் பிழிந்து, குச்சியை நட்டு, வீட்டுக்குப் பின்னால் சன்னல் திட்டில் வைத்தான். பார்க்கப் பயந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டு வந்தால், இப்படி.

சனிக்கிழமை மனைவி கோபுசிங்யேயின் தங்கைக்குக் கல்யாணம். விருந்துக்கு நாற்பது தார் மட்டோக்கே வாழைக்காய் இந்தத் தோட்டத்திலிருந்துதான் போக வேண்டும்.

யாருக்கும் தெரியாமல் அந்த மரத்தை வெட்டிப் புதைத்துவிட நினைத்தான். பாதி வெட்டுவதற்குள் வேலிக்கு மேலே பக்கத்துத் தோட்டத்துக் கதுங்கியின் தலை எழுந்தது.

"ஏம்ப்பா, பிஞ்சு மரத்தப் போய் வெட்டறே?"

"மாட்டுக்குத்தான்."

"அப்ப ரெண்டு இலை இங்கிட்டு வீசு. என் ஆடும் திங்கட்டும்."

நோய் பக்கத்துத் தோட்டத்துக்கும் போய்விடுமே! "இல்ல, தர மாட்டேன்."

"இலைக்குக்கூடவா கஞ்சத்தனம்? போன வருஷம் என் காளைய ஓசியில வாங்கிட்டுப் போனப்ப இனிச்சுதா?"

கதுங்கி வேலியைத் தாண்டி வந்து ஓர் இலையைப் பிடித்து இழுத்தான். பஷைஜா மறுமுனையைப் பிடித்தான்.

"விடுய்யா! அதுக்கு நோவு!" என்று வாய்தவறிக் கத்திவிட்டான்.

கதுங்கி கையை உதறிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில், சேதி மலையடிவாரம் வரை போய்விட்டது. அரை மணியில் ஊர்க் கமிட்டி வந்து பாதையில் கயிறு கட்டியது. பஷைஜாவின் மாடு கயிற்றுக்கு அந்தப் பக்கமும் கன்று இந்தப் பக்கமும் நின்று கத்தின. கல்யாண வீட்டிலிருந்து ஆள் வந்து, "ஒங்க வீட்டுத் தார் ஒண்ணுகூட வேண்டாம்னு ஒங்க மாமனார் சொல்லிட்டார்" என்று தூரத்திலிருந்தே சொல்லிவிட்டுப் போனான்.

"மொத்தத் தோட்டத்தையும் வெட்டிடணும்" என்றார் கமிட்டித் தலைவர். பதினாறு பேர் வெட்டுக்கத்தியோடு நின்றார்கள். கோபுசிங்யே முதல் மரத்தைக் கட்டிக்கொண்டாள்.

"வேளாண்மை மேடம் வந்து பார்க்கட்டும். அதுவரைக்கும் ஒருத்தன் கத்தி இங்க படக்கூடாது!"

மேடம் நின்சீமா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். வெட்டிய மரத்தைக் கீறினாள். வாடல் நோய் என்றால் வடியும் மஞ்சள் சீழ் எதுவும் வடியவில்லை. அதிலும், வேறு மூன்று மரங்களிலும் சாறு எடுத்துக் குச்சி நட்டாள். பத்து நிமிடம் மலையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

நான்கிலும் ஒரே கோடு.

"நோவும் இல்ல, நொடியும் இல்ல. காத்துல மட்டை ஒடிஞ்சு மஞ்சளாகியிருக்கு. நல்ல மரத்தப் போய் வெட்டியிருக்கீங்களே!"

"இவனுக்குக் கண்ணு தெரியலைன்னு அப்பவே நெனச்சேன்" என்றான் கதுங்கி.

"எனக்கா தெரியல?" பஷைஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து குச்சியை உருவி நீட்டினான். "நீங்களே எண்ணுங்க மேடம்! ஒண்ணா, ரெண்டா?"

நின்சீமா அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"ரெண்டுதான். ஆனா இது நாங்க குடுத்த குச்சி இல்லையே. பிள்ளை உண்டாகியிருக்கான்னு பார்க்க சுகாதார நிலையத்துல பொம்பளைங்க வாங்கற குச்சில்ல இது? எங்கேயிருந்து எடுத்தீங்க?"

"சன்னல் திட்டுல... ரெண்டு கிண்ணம் இருந்துச்சு..."

கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆன வீடு அது. பதினாறு வெட்டுக்கத்திகளும் மெல்லக் கீழே இறங்கின.

வாழைமரத்தை விட்டுவிட்டு வந்து கையை நீட்டினாள் கோபுசிங்யே.

"அத இப்படிக் குடுங்க. காலையிலருந்து தேடிட்டிருக்கேன், அது என்னோடது."